வரன் விளம்பரத்தில் சாதி போட வேண்டாம் என்றால் அப்பா ஆதியாகமத்தைத் திறக்கிறார். என்ன பதில் சொல்வது?

ஆல்டோ_வரிசை எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வணக்கம்தான் பிடிக்கும் என்பவர்களுக்கு வணக்கம்.

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), தாமிரபரணிப் பக்கம். கல்லூரியில் கணக்கு எடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிறேன். வயது முப்பதை நெருங்குவதால் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சேகரக் கமிட்டியில், அதாவது சபை நிர்வாகக் குழுவில், இருந்தவர். மேட்ரிமோனி தளத்தில் எனக்காக அவரே ஒரு விவரக்குறிப்பு ஏற்றியிருக்கிறார். மதம் கிறிஸ்தவம், பிரிவு சி.எஸ்.ஐ., உட்பிரிவு என்ற கட்டத்தில் எங்கள் சாதிப் பெயர். (அதை இங்கே போடப் போவதில்லை.) எதிர்பார்ப்பு என்ற இடத்தில் அப்பாவின் அழகான தமிழில்: 'இரட்சிக்கப்பட்ட, ஜெப வாழ்க்கையுள்ள, நம்மவர்கள் மட்டும்.' இரட்சிப்புக்கும் சாதிக்கும் நடுவில் இரண்டே காற்புள்ளி.

இதே அப்பாதான் ஆகஸ்ட் 10 கறுப்பு நாளுக்கு, தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை கேட்டு, சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு கோயில் வாசலில் நின்றார். நான்தான் ஊக்கு எடுத்துக் கொடுத்தேன். அவரைப் போலி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கறுப்புத் துணியையும் இந்த உட்பிரிவுக் கட்டத்தையும் சேர்த்து ஒரு நிமிஷம்கூட அவர் யோசித்ததில்லை, அவ்வளவுதான்.

நான் கேட்டேன்: 'இந்தக் கட்டத்தை வெறுமையா விட்டா என்னப்பா?'

'எளா, நாம என்ன சாதியா பாக்கோம்? பழக்கவழக்கம் ஒத்துப்போகணும்லா. அசனத்துல எல்லாரும் ஒரே பந்தியிலதான சாப்பிடுதோம்?'

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: அசனம் என்பது எங்கள் பக்கத்துக் கோயில்களில் வருஷத்துக்கொரு முறை சபையார் எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் பண்டிகை. அப்பா சொன்னது உண்மைதான், அங்கே பந்தி பிரிப்பதில்லை.

சரி, அசனத்தில் பக்கத்தில் உட்கார்ந்த குடும்பத்திலிருந்து வரன் வந்தால் பார்ப்பீர்களா என்றேன். அப்போதுதான் ஆதியாகமம் 24 வந்தது. ஆபிரகாம் தன் ஊழியக்காரனைக் கூப்பிட்டு, கானானியர் பெண் வேண்டாம், என் இனத்தாரிடத்துக்குப் போய் ஈசாக்குக்குப் பெண் கொள் என்று ஆணையிட வைக்கிறாரே, 'விசுவாசத்தின் தகப்பனே அப்படித்தான செஞ்சாரு?' என்கிறார். அம்மா வசனத்துக்கெல்லாம் போவதில்லை. 'உன் தங்கச்சிக்கு அப்புறம் யாரு வருவா?' என்ற ஒரே கேள்விதான். உண்மையில் எனக்குப் பதில் தெரியாத கேள்வி அம்மாவுடையது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி பேசினால் சபையில் உடனே 'லிபரல்' முத்திரை விழும். விசுவாசப் பிரமாணத்தை முழுசாகத்தான் சொல்கிறேன், ஒரு வரியையும் விழுங்குவதில்லை. உயிர்த்தெழுதல் இல்லையென்றால் நான் கோயிலுக்கே போக மாட்டேன். ஐயரம்மா (ஐயரின் மனைவி) மட்டுமல்ல, பெண் ஐயரும் (எங்கள் பக்கம் போதகரைத்தான் ஐயர் என்போம்) பீடத்தில் நிற்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நம் சி.எஸ்.ஐ.யில் 2013-லேயே ஆந்திராவின் நந்தியால் திருமண்டலத்துக்கு (ஒரு பேராயரின் ஆளுகைப் பகுதி) பெண் பேராயர் வந்தாயிற்று. அதற்கெல்லாம் அப்பா கை தட்டுவார். பேராயர் அளவில் முற்போக்கு அவருக்குச் சம்மதம். சம்பந்தி அளவில்தான் சிக்கல்.

அப்பாவிடம் பெரியாரோ அம்பேத்கரோ எடுபடாது, வசனம்தான் எடுபடும். ஆகவே ஆதியாகமம் 24-க்கு நேர்மையான பதில் வேண்டும். கலாத்தியர் 3:28-ஐச் சொல்லிப் பார்த்துவிட்டேன். 'அது கிறிஸ்துவுக்குள்ள, ஆவிக்குரிய விஷயம்' என்று முடித்துவிட்டார். அதோடு, உட்பிரிவைத் தூக்கிவிட்டு வரன் தேடியவர்கள் யாராவது இங்கே இருந்தால், என்ன நடந்தது என்று சொல்லுங்கள். ஓலை வாசிப்பில் (கலியாண அறிவிப்பைக் கோயிலில் வாசிப்பது) யாராவது ஆட்சேபம் சொன்னால் ஐயர் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

---

பழைய_உபதேசியார் எழுதியது:

மகளே, உன் அப்பா தலைமையாசிரியர் என்கிறாய். அப்படியானால் பாடத்தை முழுசாக வாசிக்கச் சொல்வதில் அவருக்கு வருத்தம் இருக்காது.

ஆதியாகமம் 24-இல் ஆபிரகாம் கானானியப் பெண் வேண்டாம் என்றது வாஸ்தவம். அந்த ஆபிரகாமின் வம்ச வரலாற்றை மத்தேயு முதல் அதிகாரத்தில் எழுதும்போது, ஐந்தாம் வசனத்தில் யார் வருகிறார்கள் என்று பார்க்கச் சொல். ராகாப், எரிகோ ஊர்க்காரி, அசல் கானானியப் பெண். அதே வசனத்தில் ரூத், மோவாபியப் பெண். மத்தேயு அந்தப் பட்டியலில் சாராளைப் போடவில்லை, ரெபெக்காளைப் போடவில்லை. 'இனத்தாரிடத்தில்' தேடிக் கொண்டுவந்த ரெபெக்காளை விட்டுவிட்டு, தேடாமல் வந்த இந்த இரண்டு பேரையும் பேர் சொல்லி எழுதியிருக்கிறார். வேறு யாரும் சொல்ல வேண்டாம், உன் அப்பாவே வாசித்துப் பார்க்கட்டும்.

அடுத்தது எண்ணாகமம் 12. மோசே எத்தியோப்பியப் பெண்ணைக் கட்டினார் என்று மிரியாமும் ஆரோனும் முணுமுணுத்தார்கள். நாத்தனார் முணுமுணுப்பு. கர்த்தர் யாரைத் தண்டித்தார்? மோசேயை அல்ல. மிரியாம் குஷ்டரோகம் பிடித்து ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே இருந்தாள். கலியாணப் பேச்சில் இந்த அதிகாரத்தை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. உன் அப்பா எஸ்றா 9, 10 அதிகாரங்களை எடுத்துக்கொண்டு வருவார், அதற்கும் தயாராக இரு. அங்கே அந்நிய மனைவிகளை அனுப்பிவிட்டார்கள் என்று இருக்கிறது, இல்லையென்று சொல்ல முடியாது. வேதத்துக்குள்ளேயே இந்த வழக்கு நடக்கிறது. ரூத்தின் புஸ்தகமும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. இயேசு எந்தப் பக்கத்து வம்சத்தில் வந்தார் என்று மட்டும் கேள்.

'ஆவிக்குரிய விஷயம்' என்று கலாத்தியர் 3:28-ஐத் தாண்டிப் போகிறாரே, அதற்கு ஒரு அதிகாரம் முன்னால் போ. 2:11 முதல் அந்தியோகியா. பேதுரு புறஜாதிக்காரரோடு உட்கார்ந்து நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபினிடத்திலிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். சொந்த ஊர் ஆட்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம். உன் அம்மா கேட்ட கேள்வியும் அந்தப் பயத்தில் பிறந்ததுதான், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பவுல் அதை 'ஆவிக்குரியது' என்று விடவில்லை, முகமுகமாய் எதிர்த்தார். எதிர்த்தது சாப்பாட்டு விஷயத்துக்காக. 3:28 எழுதப்பட்டது இந்தச் சண்டைக்குப் பிறகுதான். அசனத்தில் ஒரே பந்தி என்று அப்பா பெருமைப்பட்டாரே, பேதுருவும் அந்தப் பெருமைக்கு உரியவர்தான். ஆட்கள் வரும்வரைக்கும்.

இந்தப் பிணக்கு நம் சபைகளில் நேற்று வந்ததும் அல்ல. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, முற்றிலும் விட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் ஒரு பெரும் கூட்டம் கோயிலை விட்டே வெளியேறியது. கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியார் வெளியேறியவர்கள் பக்கத்தில் நின்றார். இன்றைக்கும் அவர் பாட்டைப் பாடுகிறோம், நானும் உருகித்தான் பாடுகிறேன். அந்த விஷயத்தில் அவர் நின்ற இடத்தில் நான் நிற்க வேண்டியதில்லை.

கத்தோலிக்கரிடமும் இதே கதைதான். வடக்கன்குளத்தில் பீடத்தில் சந்திக்கிற மாதிரி இரண்டு கிளையாகக் கோயிலையே கட்டினார்கள், ஒரு சாதிக்கு ஒரு கிளை, நடுவில் சுவர். 1910 வாக்கில் கவுசானல் சுவாமி என்ற பாதிரியார் சுவரை இடித்தார். உடனே வழக்கு. சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் போயும், கோயிலில் தனியிடம் எங்கள் உரிமை என்று கேட்டவர்கள் தோற்றார்கள்.

ஒன்று மட்டும் கவனம். வசனத்தால் அப்பாவை மடக்கிவிடலாம் என்று போகாதே. அவர் வாழ்நாளெல்லாம் மற்றவர்களை மடக்கியவர், மடக்கினால் கோபம்தான் வரும். மத்தேயு 1-ஐக் குடும்ப ஜெபத்தில் அவரையே வாசிக்கச் சொல். பேர்களெல்லாம் வாயில் நுழையாமல் யாரும் அந்த அதிகாரத்தை வாசிப்பதில்லை.

---

மூன்றாம்_பெஞ்ச் எழுதியது:

சகோதரி, கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் தலித் கத்தோலிக்கன், கள்ளக்குறிச்சி மாவட்டம். உங்கள் கேள்வியை வாசித்ததும் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

'சாதிப் பெயரை இங்கே போடப் போவதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களால் முடிகிறது. என் அண்ணனுக்கு விவரம் ஏற்றியபோது நாங்களும் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டோம். போன் வந்தது. முதல் கேள்வி எந்தப் பங்கு (கோயில் வட்டம்), இரண்டாவது கேள்வி எந்தத் தெரு. தெரு பேரைச் சொன்னதும் 'பார்த்துட்டு சொல்றோம் பிரதர், ஜெபிச்சுக்கோங்க.' அந்த 'ஜெபிச்சுக்கோங்க'வை எங்கள் வீட்டில் இப்போது கெட்ட வார்த்தை மாதிரி பயன்படுத்துகிறோம். குழம்பில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால்கூட அம்மா 'ஜெபிச்சுக்கோ' என்கிறார்.

ஆகவே கட்டத்தை வெறுமையாக விடுவது நல்லதுதான், அதை நான் தடுக்கவில்லை. அது வேலையின் ஆரம்பம்கூட இல்லை. என் அண்ணன் பயோடேட்டா உங்கள் வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும்? உங்கள் அப்பா என்ன சொல்வார் என்று தெரியும். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதை உங்கள் பதிவில் தேடினேன், கிடைக்கவில்லை.

கறுப்பு நாள் பற்றி எழுதினீர்கள். பலருக்கு அது எதற்கென்றே தெரியாது. 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். நாங்கள் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் எங்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். தனித்தொகுதியில் நிற்க முடியாது, வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் எங்களுக்கு இல்லை. 2023 ஏப்ரலில் சட்டமன்றம் எங்களுக்காகத் தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பியது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்குப் போய்க்கொண்டே வேலைக்காக இந்துப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது அரசமைப்பின் மீதான மோசடி என்றது.

இதற்கெல்லாம் எதிராக வாதாடுகிறவர்கள் வைக்கும் வாதம் ஒன்றுதான்: கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, பிறகு எதற்குச் சலுகை? அதற்கு நம் ஆயர்கள், அண்ணன்மார் எல்லாரும் மேடையில் 'சபைக்குள்ளும் சாதி இருக்கிறது, எங்கள் ஜனங்கள் கஷ்டப்படுகிறார்கள்' என்று சாட்சி சொல்கிறார்கள். இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில் எழுத்திலும் ஒப்புக்கொண்டார்கள். மேடையை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும் 'நாம என்ன சாதியா பாக்கோம்?' என்றால், டெல்லிக்கு ஒரு சாட்சி, மகளுக்கு வேறு சாட்சி. உங்கள் அப்பாவிடம் வசனத்துக்குப் பதில் இதைக் கேட்டுப் பாருங்கள்: கறுப்புத் துணி குத்திக்கொண்டு நின்றபோது, சபைக்குள் சாதி பார்ப்பது யார் என்று நினைத்தீர்கள்?

எங்கள் மாவட்டத்துக்குள் இருக்கிற எறையூரில், 2008 மார்ச்சில், தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்ட விவகாரம் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, எதிர்ப் பக்கத்துச் சாதிக் கத்தோலிக்கர். செத்தவர்களும் ஜெபமாலை சொன்னவர்கள்தான். இதை யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை.

உங்கள் சபையில் கல்லறைத் தோட்டம் ஒன்றா இரண்டா என்று விசாரியுங்கள். ஒன்றுதான் என்றால் சந்தோஷம், எந்த மூலை யாருக்கு என்றும் பாருங்கள். வரன் கட்டம் உங்கள் ஒருவர் கலியாணத்தோடு முடிந்துவிடும். கல்லறை முடியாது.

---

சமாதானம்_உண்டாவதாக எழுதியது:

இந்தத் திரியை வாசித்து மனம் கனத்துப்போனது. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்பதும் வேதம்தான். பெற்றோர் கண்ணீரின் மேல் கட்டுகிற குடும்பம் ஆசீர்வாதமாக இருக்குமா? சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டே சாதியை எதிர்க்கலாம், அப்படி எத்தனையோ நல்ல ஊழியக்காரர்கள் இருக்கிறார்கள். பட்டியல், ஆணை, உச்சநீதிமன்றம் என்று அரசியலைச் சபைக்குள் கொண்டுவர வேண்டாம் என்று தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

---

ஆல்டோ_வரிசை எழுதியது:

சமாதானம் ஐயா, அரசியலைச் சபைக்குள் கொண்டுவர வேண்டாம் என்கிறீர்கள். எங்கள் பக்கத்து டி.சி. (திருமண்டல கவுன்சில்) தேர்தல் நேரத்தில் ஒரு தடவை வந்து பாருங்கள். எந்த அணியில் எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு என்று உபவாச ஜெபத்துக்கு வந்த இடத்திலேயே கணக்குப் போடுவார்கள். அப்போது யாருக்கும் மனம் கனப்பதில்லை. அப்பா அம்மாவைக் கனம்பண்ணுவதால்தான் ஓடிப்போகாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.

உபதேசியார் ஐயா, மத்தேயு 1 வாசித்தாயிற்று. அப்பா சால்மோன், ராகாப் வரைக்கும் வந்து நின்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'அது தேவ சித்தம், விதிவிலக்கு' என்றார். நான் ரூத்துக்கு விரலை நகர்த்தினேன். 'சரி, ரெண்டு விதிவிலக்கு.' அம்மா சிரித்துவிட்டார். நான் அதற்கு மேல் போகவில்லை.

மூன்றாம்_பெஞ்ச் அண்ணா, நீங்கள் தேடிக் கிடைக்காத பதில்: பார்ப்பேன். மற்ற எந்த வரனையும் பார்ப்பது போலவே, பேசிப் பிடித்தால் சரி, பிடிக்காவிட்டால் இல்லை. உட்பிரிவை எடுத்துவிட்டு 'தலித் குடும்பத்து வரன்களும் வரவேற்கப்படுகின்றன' என்று எழுதலாமா என்று யோசித்தேன். இது சரியாக இருக்குமா?

---

மூன்றாம்_பெஞ்ச் எழுதியது:

தயவுசெய்து வேண்டாம். 'வரவேற்கப்படுகின்றன' என்றதும் யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்று ஆகிவிடுகிறது. அதைப் பார்த்து என் அண்ணன் போன் போட மாட்டான், பரிதாபப்பட்டு எழுதியிருக்கிறார்கள் என்பான். நீங்களே எங்கள் மாதிரி வீடுகளுக்கு விருப்பம் அனுப்புங்கள். ஆண் வீடு கேட்டு வர வேண்டும் என்று சட்டமா? அப்போது தெரு பேரைக் கேட்கிற வேலை உங்களுக்கு இருக்காது.

'பார்ப்பேன்' என்றதற்கு நன்றி.

---

ஓலை_வாசிச்சாச்சு எழுதியது:

தாமதமாக வருகிறேன். நாங்கள் இரண்டு பேரும் சி.எஸ்.ஐ., இரண்டு சாதி. உங்கள் கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் அதை மட்டும்.

1872-ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் சாதி என்ற பேச்சே கிடையாது. மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கும்போது யார் வேண்டுமானாலும் எழுந்து தடை சொல்லலாம், ஆனால் தடை தடையாக இருக்க வேண்டும்: ஏற்கெனவே கலியாணம் ஆனவர், வயது வராதவர், கட்டக் கூடாத நெருங்கிய உறவு, இந்த மாதிரி. 'வேற ஆளு' என்பது தடை அல்ல, ஐயர் அதை ஏற்கத் தேவையில்லை. எங்கள் ஐயர் பெற்றோர் கையெழுத்து போட்ட கடிதம் கேட்டார். வயது வந்தவர்களுக்குச் சட்டம் அதைக் கேட்பதில்லை, அது வழக்கம் மட்டும்தான் என்று என் கணவர் பணிவாகச் சொன்னார். ஐயரும் பணிவாக இழுத்தடித்தார். கடைசியில் வாசித்தார். இழுத்துக்கொண்டே போனால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, முப்பது நாள் அறிவிப்பு கொடுத்துப் பதிவாளர் முன்னிலையில் செய்துகொள்ளலாம். ஆனால் அந்த அறிவிப்பை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள், ஊருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் ஆபத்து உண்டு என்கிறவர்கள் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் போங்கள்.

விவரக்குறிப்பில் நான் 'சாதி தடையில்லை' என்று போட்டிருந்தேன். போன் செய்த மாமிகள் பாதிப் பேர் 'பிள்ளைக்கு ஏதாவது குறை இருக்காம்மா?' என்றார்கள். இரண்டாம் கலியாணமா என்று கேட்டவர்களும் உண்டு. அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்கு யார் வருவா என்ற அம்மாவின் கேள்வி எங்கள் வீட்டிலும் வந்தது. என் நாத்தனாருக்கு வர வேண்டிய இரண்டு இடம் உண்மையிலேயே எங்களால் நின்றுபோனது. அதைச் சும்மா பயமுறுத்தல் என்று சொல்ல மாட்டேன். அப்புறம் வேறு இடம் வந்தது, நல்ல பையன். ஆனால் இடையில் அவள் எங்களோடு பேசாமல் இருந்தாள். உங்கள் தங்கச்சியிடம் இப்போதே, நீங்களே பேசிவிடுங்கள். அம்மா வழியாக அவளுக்குப் போகக் கூடாது.

கடைசியாக ஒன்று, சிரிக்காதீர்கள். ஞானஸ்நான சர்டிபிகேட், திடப்படுத்தல் சர்டிபிகேட் இரண்டின் நகலையும் இந்த வாரமே சேகர அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். உங்கள் அப்பா இப்போது ஐயரிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். சண்டை முற்றின பிறகு போனால் ரெஜிஸ்டர் பைண்டிங்குக்குப் போயிருக்கும், இல்லையென்றால் பீரோ சாவி ஊரில் இருக்காது.